உடைத்து விற்கப்பட்டது

ராமசுப்புவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். திருவிதாங்கூரில் ஒரு காலத்தில் ஓடிய மோட்டார் வண்டிகளையெல்லாம் தேடித் தேடிப் புஸ்தகத்தில் ஏற்றிய மனுஷர், ஸ்ரீவராகத்துத் தன் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர்கூட நிறுத்தியது கிடையாது. எங்கே போவதானாலும் கிழக்கேகோட்டை வரை நடந்து, பஸ் பிடித்துத்தான் போவார். பஸ்ஸிலும் ஜன்னலோர சீட்டு கிடைக்காவிட்டால் தலைசுற்றல் வந்துவிடும்.

வண்டி ஓட்டுவதில் அவருக்கு ஆசை இருந்ததே இல்லை. ஒரு வண்டி எங்கிருந்து வந்தது, யாரிடம் இருந்தது, பிறகு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்வதில்தான் ஆசை. ஏஜீஸ் ஆபீஸில் ஆடிட் வேலை பார்த்தவர். கல்யாணமான புதிதில், ஆடிட்டுக்குப் போன ஊரில், மராமத்து இலாகா கொட்டகை ஒன்றில் பழைய கார் ஒன்று நின்றது. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. யாருடைய வண்டி என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சர்க்கார் கொட்டகையில் நிற்கும் சாமான் யாருடையது என்று சர்க்காருக்கே தெரியாதது அவருடைய ஆடிட் மூளைக்கு ஒப்பவே இல்லை. விசாரிக்கத் தொடங்கினார். கதை முழுதாகக் கிடைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதை எழுதி இங்கிலாந்தில் ஒரு கார் சங்கத்துக்கு அனுப்பினார். அவர்கள் தங்கள் பத்திரிகையில் போட்டுவிட்டு, "உங்கள் பக்கத்தில் இன்னும் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டு எழுதினார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே அவருடைய ஆயுசு சரியாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு துணிப்பை, இரண்டு பேனா, தயிர்சாதம். நாகர்கோவில், நெடுமங்காடு, கொல்லம், ஆலப்புழை என்று சுற்றுவார். பழைய ரிஜிஸ்டர்களை ஆபீஸ் ஆபீஸாகப் போய்ப் பார்ப்பார். தோட்டத்துரைகளிடம் டிரைவராக இருந்தவர்களைத் தேடிப் போவார். மனைவி நாகலக்ஷ்மிக்கு ஆரம்பத்தில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு பழகிப்போயிற்று. கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு பெரிய புஸ்தகம் வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி, வருஷம், சேஸிஸ் நம்பர், சொந்தக்காரர்கள், இப்போதைய கதி. மெட்ராஸில் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. மூன்று பதிப்பு வந்தபின் அந்தப் பதிப்பாளர் காலமானார். பதிப்பகத்தையும் மூடிவிட்டார்கள்.

பச்சை அட்டை போட்ட புஸ்தகம். பழைய கார் சேகரிக்கிறவர்கள் அதைப் பச்சைப் புஸ்தகம் என்றே சொல்வார்கள். ஒரு வண்டி விலைக்கு வந்தால், "பச்சையிலே இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. பம்பாயிலிருந்தும் டெல்லியிலிருந்தும் போன் வரும். யாரோ கோடீஸ்வரர் மறுமுனையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போலப் பேசுவார். ராமசுப்பு ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்து, "அந்த வண்டி அம்பத்தி மூணுலே கோட்டயத்துக்குப் போயிடுத்து. உங்களுக்கு விக்க வந்தது வேற வண்டி," என்பார். அத்தோடு அந்த வியாபாரம் நின்றுவிடும். இதிலெல்லாம் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

எழுபதைத் தாண்டி, இனிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை என்று அவர் நிம்மதியாக இருந்த காலத்தில், ஒரு ஏப்ரல் மாதக் காலையில் தாசம்மாள் வந்தாள்.

வாசலில் அறுபது வயதிருக்கும் ஒரு அம்மாள். வெள்ளைச் சேலை, கையில் குடை, நெஞ்சோடு அணைத்த பிளாஸ்டிக் கவர். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"ராமசுப்ரமணியன் சார் வீடா? எனக்க பேரு தாசம்மாள். வித்துராவுல இருந்து வாறேன். சுவாமிதாசுக்க மக."

சுவாமிதாஸ் என்றதும் ராமசுப்புவுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. அவர் நினைவில் மனிதர்கள் வண்டிகளோடுதான் இருந்தார்கள். சுவாமிதாஸ் என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து மாடல் லான்செஸ்டர். போணக்காட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் கப்பலில் வரவழைத்த வண்டி. அவர் ஊருக்குத் திரும்பும்போது, தோட்டத்துக்கு அரிசி பலசரக்கு சப்ளை செய்துகொண்டிருந்த சுவாமிதாஸுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். திருவிதாங்கூருக்கு வந்த லான்செஸ்டர் அது ஒன்றுதான்.

"உக்காருங்கோ. அப்பா சௌக்கியமா?"

"அப்பா போயி பத்து வருசமாச்சு சார். நான் வந்தது வண்டி காரியமாட்டு. வண்டிய போலீஸ் கொண்டு போச்சு."

ராமசுப்புவுக்குப் புரியவில்லை. "எந்த வண்டி?"

"அப்பாக்க வண்டி."

"அந்த வண்டிதான் அறுபத்தொண்ணுலேயே உடைச்சு வித்தாச்சேம்மா. நான் எழுதியிருக்கேனே."

தாசம்மாள் பிளாஸ்டிக் கவரைத் திறந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவருடைய புஸ்தகத்தின் பக்கம்தான். மேலே அந்த வெள்ளைக்காரர் வண்டியின் மட்கார்டில் கை வைத்து நிற்கும் பழைய போட்டோ. கீழே விவரங்கள். கடைசி வரி: 1961இல் உடைத்து விற்கப்பட்டது.

"இதைக் காட்டித்தான் சார் கொண்டு போனாவ," என்றாள்.

நடந்தது இதுதான். வண்டி உடைக்கப்படவே இல்லை. வித்துராவில் அவர்கள் வீட்டுப் பின்னால் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி, அதற்குள்தான் சுவாமிதாஸ் அதை வைத்திருந்தார். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வெளியே எடுத்து சர்ச்சுக்குப் போய்வருவார். பழைய வண்டிகளுக்கென்று சர்க்கார் தனி நம்பர் கொடுக்கத் தொடங்கியதும், தாசம்மாளின் மகன் ஷிஜு துபாயிலிருந்து லீவில் வந்தபோது, தாத்தாவின் வண்டியை முறைப்படி பதிவு செய்துவிடலாம் என்று மனு போட்டான். பரிசோதனைக்கு லாரியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டு வந்தார்கள். கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினால், அதே சேஸிஸ் நம்பரில் வடக்கே ஒரு பெரிய பணக்காரரின் பேரில் ஒரு லான்செஸ்டர் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. உடைத்து விற்கப்பட்ட வண்டியின் பாகங்களைத் தேடி வாங்கி, திரும்பக் கட்டினோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அத்தாட்சியாக இணைத்திருந்தது பச்சைப் புஸ்தகத்தின் அந்தப் பக்கம். செய்தி போனதும் அந்தப் பணக்காரர் தரப்பு, வித்துராக்காரர்கள் போலியாக நம்பர் அடித்ததாகப் புகார் கொடுத்தது. வண்டி ஸ்டேஷன் வளாகத்துக்குப் போயிற்று. ஷிஜு லீவு முடிந்து போய்விட்டான். வழக்கு தாசம்மாள் தலையில் விழுந்தது.

"ஆனா உங்க அப்பாதான் என்கிட்டே சொன்னார்," என்றார் ராமசுப்பு. "நான் வித்துராவுக்கு வந்தேன். உங்காத்து முற்றத்திலே உக்காந்து கட்டன்சாயா குடிச்சேன். வண்டி எங்கேன்னு கேட்டேன். பொளிச்சு வித்தாச்சுன்னார்."

தாசம்மாள் ஜெராக்ஸ் தாளை மடித்துக் கவருக்குள் வைத்தாள்.

"அப்பா அப்பிடித்தான் சொல்லுவாவ. வண்டி கேட்டு யாரு வந்தாலும். வெள்ளைக்காரன் எழுத்து ஒண்ணும் குடுக்காம குடுத்த வண்டியில்லியா? யாராவது வந்து பிடுங்கிட்டுப் போயிருவானுவன்னு அவியளுக்குப் பயம். உங்களயும் அந்தக் கூட்டத்துல ஒருத்தருண்ணு நெனச்சிருப்பாவ."

அந்த முற்றத்திலிருந்து புகைப்புரை இருபதடி தூரம்கூட இருக்காது. அவர் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது வண்டி அங்கே ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்றிருக்கிறது.

அன்றைக்கே தாசம்மாளோடு ஸ்டேஷனுக்குப் போனார். வளாகத்தின் பின்புறம் பிடிபட்ட மணல் லாரிகள், விபத்தில் நசுங்கிய பைக்குகள், ஆட்டோக்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே, ஒரு டிப்பரின் பின்சக்கரத்துக்கும் மதிலுக்கும் இடையில், லான்செஸ்டர் நின்றது. கறுப்பும் கருஞ்சிவப்புமாக. சுவாமிதாஸ் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்த பானெட்டில் காக்கை எச்சம்.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தடுக்கவில்லை. ராமசுப்பு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து அடியில் பார்த்தார். சேஸிஸில் அடித்திருந்த எண்கள் பழைய தொழிற்சாலை அச்சு. எட்டு என்ற எண்ணின் மேல்வட்டம் கொஞ்சம் சரிந்திருக்கும். அந்தக் காலத்து லான்செஸ்டர் சிலவற்றின் படங்களில் அவர் அதைப் பார்த்திருக்கிறார். கியர் மாற்றும் கம்பி, அந்த வண்டிகளுக்கே உரிய மாதிரி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. இடது மட்கார்டில் ஆணி அடித்து ஒட்டிய தகரத் துண்டு, போட்டோவில் இருப்பது போலவே.

எழுந்தபோது முதுகெல்லாம் செம்மண். "இதுதான் வண்டி," என்றார். "சந்தேகமே இல்லை. இதுதான்."

தாசம்மாள் முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது. "நீங்க சொன்னா மதி சார், அது போதும். உங்களுக்க புக்கு சொல்லித்தானே கொண்டு போனாவ. நீங்களே இல்லேண்ணு சொல்லியாச்சுண்ணா?"

அவரும் அப்படித்தான் நினைத்தார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நாகலக்ஷ்மியிடம் சொன்னார். அவளும் அதையே சொன்னாள்: "எழுதினது நீங்கதானே? தப்பாயிடுத்துன்னு மாத்தி எழுதிக் குடுங்கோளேன். இதிலே என்ன இருக்கு?"

மாற்றி எழுத எங்கே போவது என்பதுதான் முதல் கஷ்டம். பதிப்பகம் இல்லை. பதிப்பாளரின் மகன் அமெரிக்காவில் இருந்தான். அவனுக்கு அப்பா போட்ட புஸ்தகங்களின் பேர்கூடத் தெரியாது. ஆனால் புஸ்தகம் மட்டும் செத்துப்போகவில்லை. யாரோ அதை முழுக்க ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் ஏற்றியிருந்தார்கள். பழைய கார்களுக்கான வெளிநாட்டு இணையதளம் ஒன்று அதிலிருந்த விவரங்களை வரிக்கு வரி எடுத்துப் போட்டிருந்தது. ராமசுப்பு அவர்களுக்கு மெயில் எழுதினார். நான்தான் அந்தப் புஸ்தகத்தை எழுதினவன், இந்தப் பதிவு தவறு, வண்டியை நேரில் பார்த்தேன் என்று. மரியாதையாகப் பதில் வந்தது. அச்சில் வந்த ஆதாரத்தை மறுக்க இன்னொரு அச்சு ஆதாரம் வேண்டும். தனிப்பட்ட கடிதத்தை வைத்து மாற்ற முடியாது. நீங்கள் பரிசீலிக்க வேண்டிய நூல் ஒன்று உண்டு என்று சொல்லி, அவருடைய புஸ்தகத்தின் பேரையே கீழே போட்டிருந்தார்கள்.

அதை அவர் நாகலக்ஷ்மிக்குத் தமிழில் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

இங்குள்ள பழைய கார் சங்கத்தின் தலைவரோடு போனில் பேசினார். இருபது வருஷப் பழக்கம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், ஒரு பதிவை மாத்தினா எல்லாரும் மாத்தச் சொல்லுவாங்க. உங்க புக்கை நம்பி எத்தனை பேர் வண்டி வாங்கியிருக்காங்க, தெரியுமில்லையா? அந்த அம்மா உங்களை ஏமாத்தறாங்களோன்னு எனக்குத் தோணுது. தப்பா நினைச்சுக்காதீங்க."

வேறு சிலர் அதைவிடத் தணிந்த குரலில், அந்த அம்மாள் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள்.

வக்கீல் அஜீஷ், தாசம்மாள் போகும் சர்ச்சுக்கே வரும் பையன், நல்ல மாதிரி. வழக்கு முடியும்வரை வண்டியை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனு போட்டான். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. வண்டி எது என்றே தகராறு இருக்கும்போது யாரிடம் கொடுப்பது என்று மனு தள்ளுபடியாயிற்று. "ஸாரே, இனி ஸார் கோர்ட்டில் வந்து மொழி கொடுத்தால்தான் காரியம் நடக்கும்," என்றான் அஜீஷ். மொழி கொடுப்பதென்றால் சாட்சி சொல்வது. அதற்கு நாள் கிடைப்பதற்குள் ஜூன் மாதத்து எடவப்பாதி மழை தொடங்கிவிட்டது.

ராமசுப்பு ஒரு நீல நிறத் தார்ப்பாய் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். புதிதாக வந்திருந்த எஸ்.ஐ., இது தொண்டிமுதல், அதாவது வழக்கில் பிடித்த சாமான், இதை யாரும் தொடக்கூடாது என்றார். "ஒரு ஷீட் போட்டு மூடறதுதான் சார். மழையிலே நம்பர் அழிஞ்சு போயிடும்," என்று கெஞ்சினார். அவர் வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சியதில்லை. எஸ்.ஐ. கெட்ட மனிதரில்லை, உட்காரச் சொன்னார், சாயா வரவழைத்தார், சட்டத்தை எடுத்துச் சொன்னார். ஜன்னல் வழியே மழை லான்செஸ்டர் மேல் விழுவது தெரிந்தது. கூரையின் தோல் பிரிந்து தொங்கத் தொடங்கியிருந்தது. சாயாவைக் குடித்துவிட்டுத் தார்ப்பாயைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் சுசீலாபாய். நரைத்த தலை, மெதுவான குரல். ராமசுப்புவைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள். மலையாளத்தில்தான் கேட்டாள், ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு மரியாதை வைத்து.

"ஸாருடைய புஸ்தகத்துக்கு மேலே இந்த விஷயத்தில் வேறு புஸ்தகம் உண்டா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

"முன்னுரையில், ஒவ்வொரு இடத்துக்கும் நேரில் போய் விசாரித்து எழுதினேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். வித்துராவுக்கும் போனீர்களா?"

"போனேன்."

"அப்போது வண்டி அங்கே இருந்ததா?"

"இருந்தது. ஆனா நான் பார்க்கலை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சுசீலாபாய் சிரிக்கவில்லை.

"அன்றைக்கு இருந்ததைப் பார்க்கவில்லை. இன்றைக்கு என்ன பார்த்து இதுதான் என்று சொல்கிறீர்கள்?"

அவர் சொன்னார். எண்ணின் அச்சு, கியர் கம்பி, மட்கார்டில் ஒட்டு. சொல்லச் சொல்ல அவள் புஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தாள். எண்ணின் அச்சு எப்படி இருக்கும் என்று பிற்சேர்க்கையில் அவரே படம் போட்டு விளக்கியிருந்தார். கியர் கம்பியைப் பற்றி ஒரு பத்தி. மட்கார்டு ஒட்டு போட்டோவிலேயே இருந்தது.

"இதையெல்லாம் படித்த ஒருவர் இந்த மாதிரி ஒரு வண்டியைத் தயார் செய்ய முடியாதா, ஸார்?"

ராமசுப்பு வாயைத் திறந்தார். அந்த வடக்கத்திக்காரர் செய்திருப்பதும் அதுதானே என்று சொல்ல வந்தார். ஆனால் கேள்வி அதில்லை. "முடியும்," என்றார்.

"புஸ்தகத்தில் இல்லாத ஏதாவது ஒரு அடையாளம் சொல்லுங்களேன்."

இல்லை. தெரிந்ததையெல்லாம் அவர் எழுதிவிட்டிருந்தார். ஒன்றையாவது தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று கூண்டில் நின்றுகொண்டு யோசித்தார்.

"சுவாமிதாஸ் என்பவர் சொன்னதை வைத்துத்தான் அந்த வரியை எழுதினீர்கள். அப்படியானால் அவர் பொய் சொன்னார் என்கிறீர்களா?"

தாசம்மாள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் கவர். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "ஆமாம். பொய்தான் சொன்னார்."

"ஸாருடைய புஸ்தகத்தில் உடைத்து விற்கப்பட்டது என்று இன்னும் எத்தனையோ வண்டிகளைப் பற்றி இருக்கிறது. அதில் எத்தனை இந்த மாதிரி?"

மாஜிஸ்ட்ரேட் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். வெளியே வராந்தாவில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சுசீலாபாய் இன்னொரு தடவை கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் அவர் தாசம்மாளிடம், "அப்பாவைப் பத்தி அப்படிச் சொல்ல வேண்டியதாப் போச்சு," என்றார்.

"உள்ளதைத்தானே சார் சொன்னிய." சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு அவருக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு ராமசுப்புவுக்கு ஒரு வியாதி மாதிரி பிடித்துக்கொண்டது. காலையில் பேப்பர் படித்ததும் பச்சைப் புஸ்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வார். உடைத்து விற்கப்பட்டது என்று வரும் இடமெல்லாம் விரலை வைத்து, இது யார் சொன்னது, எங்கே உட்கார்ந்து சொன்னார், சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்று யோசிப்பார். ஒரு ஆலப்புழைக்காரர் சொல்லும்போது சிரித்தாற்போல இருந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு அம்மாள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினாள். அப்போது அதெல்லாம் கூச்சம் என்று பட்டது. தான் சாயா குடித்த எத்தனை வீடுகளில் வண்டி பின்னாலேயே நின்றதோ. சொன்னவர்கள் பாதிப்பேருக்கு மேல் இன்று உயிரோடில்லை. போய்க் கேட்கவும் முடியாது.

கோர்ட்டில் நடந்தது எப்படியோ வெளியே பரவிவிட்டிருந்தது. போன் வருவது குறைந்தது. வந்த ஒன்றிரண்டும் வேறு மாதிரி. திருச்சூரிலிருந்து ஒருத்தர், "சார், நீங்க என்ன வேணா மாத்துங்க, என் வண்டி இருக்கற பக்கத்தை மட்டும் தொட்டுடாதீங்க," என்றார். பெங்களூரிலிருந்து மகள் பத்மப்ரியா கூப்பிட்டு, "அப்பா, போதும்பா, விட்டுடு. உன் வயசுக்குக் கோர்ட்டு ஏறணுமா?" என்றாள். விடத்தான் நினைத்தார். ஆனால் ஸ்டேஷன் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பியது. முதல் தடவை லான்செஸ்டரில் விளக்குகள் இல்லை. அடுத்த தடவை ஒரு சக்கரம் இல்லை. ஐப்பசித் துலாமழை முடிந்தபோது வண்டியின் ஜன்னல் வழியாக உள்ளே புகுந்த கொடி ஒன்று கூரை ஓட்டையில் வெளியே வந்து மஞ்சளாகப் பூத்திருந்தது.

தடயவியல் பரிசோதனைக்கு ஆள் வந்தது தை மாதம். அறிக்கை வர மேலும் மாதங்கள். சேஸிஸில் எண் இருந்த இடம் துருவேறி உதிர்ந்துவிட்டபடியால் படிக்க இயலவில்லை. முக்கியமான பாகங்கள் காணப்படவில்லை. இது எந்த வண்டி என்று உறுதி செய்ய வழியில்லை என்று இருந்தது. அஜீஷ் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "ஒரு கணக்கில் நல்லதாச்சு ஸாரே," என்றான்.

"என்ன நல்லது?"

"நம்பரே இல்லை என்றால் கள்ள நம்பர் என்று சொல்ல முடியாதில்லையா? கேஸ் நிற்காது. தாசம்மாள் ஆன்ட்டிக்கு ஒன்றும் வராது. சாமான் திரும்பக் கிடைக்கும்."

"வண்டியாவா?"

அஜீஷ் தாளைப் பார்த்தான். "இரும்பு என்றுதான் எழுதுவார்கள்."

அப்படியே ஆயிற்று. பதிவு செய்ய முடியாது, ரோட்டில் இறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, அடையாளமற்ற பழைய இரும்பாக அதைத் தாசம்மாளுக்குக் கொடுக்க உத்தரவாயிற்று. அந்த வாரமே ஆங்கிலப் பேப்பரில் ஒரு படம் வந்தது. வடக்கே ஏதோ ஊரில் பழைய கார் ஊர்வலம். தகதகவென்று ஒரு லான்செஸ்டர், தலைப்பாகை கட்டிய சொந்தக்காரர், கீழே வண்டியின் வரலாறு. தேயிலைத் தோட்டம், வெள்ளைக்காரர், எல்லாம் ராமசுப்புவின் வார்த்தைகள். நாகலக்ஷ்மி அந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்தாள். அவர் அதற்கு முன்னாலேயே பார்த்திருந்தார்.

வண்டியை எடுக்கும் அன்று, வர வேண்டாம் என்று தாசம்மாள் சொல்லியும் கேட்காமல் போனார். கிரேனில் தூக்கும்போது அடித்தளத்தில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அதையும் பொறுக்கி லாரியில் போட்டார்கள். லாரி முன்னால் போக, இவர்கள் இருவரும் நெடுமங்காடு வழியாக வித்துரா பஸ்ஸில் போனார்கள். வழியெல்லாம் தாசம்மாள் ஜெபம் செய்வது போல உதடுகளை அசைத்துக்கொண்டே வந்தாள். அவருக்கு வழக்கம்போலத் தலைசுற்றியது, கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுப் பின்புறம் நாலைந்து ஆட்கள் சேர்ந்து இறக்கினார்கள். சக்கரமில்லாத பக்கம் செங்கல் அடுக்கி நிறுத்தினார்கள். ஆட்கள் போன பிறகு தாசம்மாள் ஒரு பழைய துண்டை நனைத்துக்கொண்டு வந்து பானெட்டைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த இடத்தில் பெயின்ட் செதிலாகக் கையோடு வந்தது. அவள் நிறுத்தவில்லை. செதில்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுத் துடைத்தாள்.

"தாசம்மாள், விடுங்கோ. துடைச்சா இன்னும் போயிடும்."

"அழுக்கோட எப்பிடி சார் விடுகது? ஷிஜு ராத்திரி வீடியோவுல விளிப்பான். காட்டச் சொல்லுவான்."

"அவன்கிட்டே நான் பேசட்டுமா?"

"பேசி என்ன சொல்லுவிய?"

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, உள்ளே சீட்டுக்கடியில் வேர்விட்டிருந்த கொடியைப் பிடித்து இழுத்தார். அது சீட்டின் பஞ்சையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பயந்து விட்டுவிட்டார்.

பொன்முடிப் பக்கம் மேகம் கறுத்தது. சாய்ப்பின் ஓலை வண்டி இல்லாத காலத்தில் இற்றுப்போயிருந்தது. மேலே பார்த்தால் வானம் தெரிந்தது. தாசம்மாள் உள்ளே போய் ரப்பர் தோட்டத்து பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைக் கொண்டு வந்தாள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து வண்டிமேல் போட்டார்கள். காற்று ஒரு பக்கத்தைத் தூக்கியது. அந்தப் பக்கம் கல் வைத்தால் இந்தப் பக்கம் எழும்பியது. ராமசுப்பு இரண்டு கையாலும் ஷீட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். தாசம்மாள் கயிறு தேடிப் போனாள்.

கயிறு கட்டி முடிப்பதற்குள் இருவரும் நனைந்துவிட்டார்கள். சமையலறையில் நிற்க வைத்துத் தலை துவட்டத் துவர்த்தும் ஒரு தம்ளர் கட்டன்சாயாவும் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றாள்.

"இனி இங்க வந்து கஷ்டப்படாண்டாம் சார்," என்றாள். அதில் கோபமில்லை. "உங்களால ஏலாதுண்ணு எனக்குத் தெரியும்."

மழை விடவில்லை. அவளுடைய குடையை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். நெடுமங்காடு பஸ் வர அரைமணி ஆயிற்று. உள்ளே நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார்.